லூர்து அத்தையின் பலாமரமும் நீ கட்டிவிட்ட கோயில் மணியும்

சேவியர்,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பெங்களூரில் சொந்தமாகக் கிட்டார் பட்டறை திறக்கப் போகிறவன், வழுவழுத் தாளில் கலர் கலராகப் புத்தகம் அடித்து ஊரெல்லாம் கொடுக்கிறவன், நலமில்லாமல் எப்படி இருப்பான்? எனக்குத்தான் சில நாளாகச் சோறு இறங்கவில்லை. "எதுக்கு லெட்டரு? போன்ல ரெண்டு வார்த்த திட்டிட்டு வுடுங்க" என்கிறாள் உன் அம்மா. போனில் உன்னைத் திட்ட முடியுமா? நான் குரலை உயர்த்தினதும் "கஸ்டமர் வந்திருக்காருப்பா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடுகிறவன்கூட ஒருதரம் படித்துவிட்டுத்தான் கிழிப்பான். அதனால் உட்கார்ந்து படி.

போன வாரம் நீ எனக்கு ஒரு வேலை சொன்னாய். "அப்பா, சென்னையிலேர்ந்து ஒரு டாக்டர் சிதம்பரம் வர்றாரு. நான் செஞ்ச கிட்டார வாங்குனவரு. இன்னும் மூணு பேருக்கு ஆர்டர் புடிச்சுத் தர்றேன்னு சொல்லிருக்காரு. மரம் எங்க நின்னுதுன்னு பாக்கணுமாம். நீங்க ரிட்டையர் ஆயி சும்மாதான இருக்கீங்க, கோயில் பக்கமா சுத்திக் காட்டிட்டு வந்துடுங்க" என்றாய். மரம் நின்றது பண்ருட்டி பக்கத்தில், உன் லூர்து அத்தையின் கொல்லையில். அதைப் பார்க்கச் சிதம்பரத்துக்கு எதற்கு வர வேண்டும் என்று கேட்டேன். "அவரு என்னா கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லுங்கப்பா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மகனுக்கு உதவி என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கடலூரிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டும்வரை பக்கத்து சீட்டுக்காரரிடம் உன்னைப் பற்றித்தான் பெருமை பேசிக்கொண்டு போனேன் என்பதையும் தெரிந்துகொள்.

டாக்டர் கீழ வீதியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். நல்ல மனுஷன். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிலின் மேல் இரண்டு கிட்டார் பெட்டிகள் இருந்தன. ஒன்று நீ செய்தது. இன்னொன்று அவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பழைய ஈட்டிமரக் கிட்டார். மரம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து இரண்டையும் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். "எந்த நந்தவனம் சார் அது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் புத்தகத்தை எடுத்து, நீ இங்கிலீஷில் போட்டிருந்ததைத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சிதம்பரம் கோயில் நந்தவனத்தில் நின்று, அதன் மணியோசையை நூறு நூறு ஆண்டுகளாகக் கேட்டு வளர்ந்த பலாவாம். அந்த நாதம் மரத்தின் ரேகைக்குள் இறங்கித் தங்கிவிட்டதாம். புயலில் சாய்ந்த அந்தத் தெய்வீக மரத்தை உன் பட்டறை கண்டெடுத்ததாம். கண்டெடுத்தாயா? தெருவில் கிடந்த பர்ஸா அது? அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஆமா என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் நீ என்னை அனுப்பியிருந்தாய்.

அந்த மரம் தன் வாழ்நாளில் என்னென்ன கேட்டது என்று நான் சொல்லட்டுமா? பக்கத்துக் கொல்லை மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டது. தேர்தலுக்குத் தேர்தல் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் கத்தியதைக் கேட்டது. பழம் தின்ன வந்த அணிலையும் குரங்கையும் உன் அத்தை நாள் முழுக்க ஏசியதைக் கேட்டது. சத்தம் மரத்துக்குள் போய்த் தங்கும் என்றால், டாக்டர் வாங்கின கிட்டார் இந்நேரம் "த்தூ, எறங்கு சனியனே" என்று பேச ஆரம்பித்திருக்க வேண்டும். நூறு நூறு ஆண்டுகள் என்கிறாய். அத்தை கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன வருஷம் உன் மாமா நட்ட மரம் அது. அதற்கும் என் மின்வாரிய சர்வீசுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. என்னையும் ஏதாவது கோயிலில் கண்டெடுத்ததாகப் போட்டுவிடாதே.

கோயில் மணி கேட்ட பலாவில்தான் வீணை நன்றாகப் பேசும் என்று சிலர் சொல்வது எனக்கும் தெரியும். நம்புகிறவர்கள் நம்பட்டும், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நீ நம்புகிறவன் இல்லை. நீ விற்கிறவன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் என் பக்கத்தில் நின்று பாடி வளர்ந்த பையன், அடுத்தவர்கள் கைகூப்பிக் கும்பிடுகிற இடத்தை எடுத்துத் தன் சரக்குக்கு ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறான். லாட்ஜ் ஜன்னலில் கோபுரம் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

உனக்கு மரத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நீதான். 2004 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பாடல் குழுவில் நான் வாசித்துக்கொண்டிருந்த பிளைவுட் கிட்டாரின் முதுகைக் கத்தியால் நெம்பி எடுத்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லப்பா, வெறும் காத்துதான்" என்று ஆச்சரியமாகச் சொன்னவன் நீ. பாதிரியார் என்னைப் பார்த்து முறைக்க, அந்த வருஷம் பாலன் பிறப்புப் பாட்டை வெறும் கைதட்டலோடுதான் பாடினோம். மறுநாளே கடல் ஊருக்குள் வந்துவிட்டது. தேவனாம்பட்டினத்தில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தப் போய்விட்டு நான் வீட்டுக்குத் திரும்பியபோது, அந்த முதுகை நீ ஒட்டி முடித்திருந்தாய். முன்னைவிட நன்றாகப் பேசியது. அன்றைக்குத்தான் உன் கையில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு சிதம்பரத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டு, பெங்களூரில் கிட்டார் ரிப்பேர் கடையில் போய்ச் சேர்ந்தாய். சொந்தக்காரர்கள் என்னை எப்படிப் பிய்த்தெடுத்தார்கள் தெரியுமா? எந்த விசேஷத்துக்குப் போனாலும், "மச்சான், பையன் என்னா, கம்பி மாட்றானாமே?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு வருவேன். உனக்காக ஒரே ஒரு ஆள்தான் வாயைத் திறந்தாள். ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை கொடுத்த விருந்தில், பந்தி நடுவில் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அவன் கையால வேல செஞ்சு பொழைக்கிறான். திருடல, யாருகிட்டயும் பொய் சொல்லல. உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டவள் உன் லூர்து அத்தை. அதற்கப்புறம் யாரும் என்னிடம் கம்பி பற்றிப் பேசவில்லை. யாருகிட்டயும் பொய் சொல்லல என்றாள், கேட்டாயா?

போன வருஷக் கடைசியில் அடித்த புயலை நீ பெங்களூரில் டிவியில் பார்த்தாய். நான் அதற்குள் இருந்தேன். விடிந்து பார்த்தால் பண்ருட்டிப் பக்கம் வானம் பெரிசாகத் தெரிந்தது. பலாவும் முந்திரியும் கண்ணுக்கு எட்டினவரை படுத்துக் கிடந்தன. கம்பம் நடுகிற வேலையில் நான் வாரக்கணக்கில் வீட்டுக்கே வரவில்லை. வழியில் அத்தை வீட்டில் எட்டிப் பார்த்தபோது அவள் அழக்கூட இல்லை. மாமா போனபிறகு அவளுக்குச் சோறு போட்டதே அந்தக் கொல்லைதான். மரவியாபாரிகள் வந்து வாய்க்கு வந்த விலைக்குக் கேட்டார்கள். விழுந்த மரத்தையெல்லாம் கொடுத்தாள். கொல்லை வாசலோரம் சாய்ந்து கிடந்த அந்தப் பெரிய பலாவை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. "இது எங்க சேவிக்கு. வீண செய்யிறதுக்கெல்லாம் நம்ம ஊர்ப் பலாதான் தேடி வர்றாங்களாம், இவன் கித்தாருக்கு ஆவாதா?" என்று என்னைப் போன் செய்யச் சொல்லி, நான் உனக்குப் போன் செய்து, நீ ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாய். அடிமரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு நீ குதித்ததை அவள் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த மரத்தில் அவள் உழைப்பு எவ்வளவு என்று உனக்குத் தெரியும். கொஞ்சத்தை அறுத்து பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சூட்டு அறையில் காயவைத்தாய். மீதி அடிமரத்தை இரண்டரை அடித் துண்டுகளாக வெட்டி, முனைகளில் மெழுகு பூசி, மாட்டுக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, "நெழல்லயே காயணும் அத்த, அப்பப்ப திருப்பிப் போடணும், கரையான் வராம பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ சொன்னதற்காக மாட்டைக் கொட்டகையிலிருந்து வெளியே கட்டினவள் அவள். சாரல் அடித்தால் தன் போர்வையைக் கொண்டுபோய் மூடுவாள். முழங்கால் வலியோடு ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் போடுவாள். திருப்பிப் போடும்போதெல்லாம் உனக்காக ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்வதாக என்னிடம் சொன்னாள். உன்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "செஞ்சதும் ஒரு தடவ கொண்ணாந்து காட்டிட்டுப் போடா." காட்டினாயா? கிட்டார் பெங்களூரிலிருந்து நேராகக் கடைக்குப் போனது, கடையிலிருந்து டாக்டர் வீட்டுக்குப் போனது. தன் மரம் கிட்டாராகிவிட்டதை அவள் என் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

லாட்ஜுக்கு வருகிறேன். என்னால் ஆமா என்று சொல்ல முடியவில்லை. "சார், என் பையன் பொய் சொல்லிட்டான்" என்றேன். அறுபது வயசுக்காரன் அடுத்தவர் முன்னால் தன் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்வது எப்படி இருக்கும் என்று உனக்கு இப்போது தெரியாது. நீ தகப்பனான பிறகு தெரியும். டாக்டர் புத்தகத்தை மூடினார். பிறகு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு என்னை அறைந்ததுபோல இருந்தது. "கடையில முதல்ல எடுத்து வாசிச்சப்போ சத்தம் புடிச்சுதான் சார் வாங்கினேன். அப்புறம்தான் புக்கப் படிச்சேன். படிச்சதுலேர்ந்து கீழ்க்கம்பியத் தட்டினா எனக்கு மணிச் சத்தமே கேட்டுது. பேஷண்டுங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன்" என்றார். இப்போது தனக்குப் பிடித்தது சத்தமா, மணியா என்று அவருக்கே தெரியவில்லையாம். பார், உன் கிட்டாரை விரும்பி வாங்கின ஒரு மனுஷனின் காதையே நீ கெடுத்து வைத்திருக்கிறாய். அவர் உன்னைத் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

நான் டாக்டர் முன்னாலேயே உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கும். ஒதுங்கி வந்து பேசச் சொன்னாய். வராந்தாவுக்கு வந்தேன். "அப்பா, உங்களுக்கு பிசினஸ் தெரியல. பெரிய கிட்டார் வாங்குறவன் மரத்த வாங்கறதில்ல, கதைய வாங்கறான். ஈட்டின்னா காடு ஞாபகம் வருது. பண்ருட்டி பலான்னா பழம்தான் ஞாபகம் வருது" என்றாய். பழம் ஞாபகம் வந்தால் என்னடா கெட்டுப்போயிற்று? அந்தப் பழத்தைத் தின்றுதானே வளர்ந்தாய்? ஆனி மாதத்தில் அத்தை சாக்கில் கட்டி அனுப்பினால், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு முதலில் உட்காருகிறவன் நீதானே? ஈட்டிக்கு ஒரு மரியாதை வந்தது, வெளிநாட்டுக்காரன் அதைத் தூக்கித் தலையில் வைத்ததால். நம் மலையில் விளைந்த ஈட்டியை அவன் கிட்டாராக்கி நமக்கே விற்கிறான், நாமும் வாயைப் பிளந்துகொண்டு வாங்குகிறோம். அந்த வயிற்றெரிச்சலில்தான் நம் ஊர் மரத்தில் கிட்டார் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினாய். கைதட்டி அனுப்பினேன். செய்தும் காட்டிவிட்டு, கடைசியில் நம் ஊர்ப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு ஒளித்துவிட்டாயே, இது எந்த ஊர் நியாயம்? கதைதான் வேண்டுமென்றால் புயல் ஒரு கதை இல்லையா? ஒரு பொம்பளை தன் மாட்டை வெளியில் கட்டிவிட்டு மரத்தை உள்ளே வைத்துக் காப்பாற்றியது கதை இல்லையா? அதை எழுத உனக்குக் கை வரவில்லை. அத்தை கைநாட்டு என்பதாலா?

டாக்டர்தான் "நிஜமான இடத்துக்கே போகலாம் சார்" என்றார். அவர் காரிலேயே பண்ருட்டிக்குப் போனோம். அத்தை களை வெட்டிக்கொண்டிருந்தவள், கார் நிற்பதைப் பார்த்துக் கை கழுவிக்கொண்டு ஓடி வந்தாள். "சேவி செஞ்ச கித்தாரு இதுதான்" என்று நான் பெட்டியைத் திறந்து காட்டியபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, விரல் நுனியால் பின்பக்கத்தைத் தடவினாள். நீ நன்றாகத்தான் செய்திருக்கிறாய், அதையும் சொல்லிவிடுகிறேன். பலாவின் அந்த மஞ்சள் லேசாகச் செம்பொன்னுக்குத் திரும்பியிருந்தது. மூட்டு தெரியாமல் இழைத்திருக்கிறாய். "வழுவழுன்னு இருக்குதுண்ணா" என்றாள். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து முதலில் ஈட்டி கிட்டாரை வாசித்தார். கீழ்க்கம்பி ஆழமாக இறங்கி, விட்ட பிறகும் நெடுநேரம் நின்றது. அடுத்து உன்னுடையது. இது அவ்வளவு நேரம் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, துலக்கின பாத்திரம்போல வந்தது. பாட்டுக்குப் பின்னால் வாசிக்க நான் இதைத்தான் எடுப்பேன். பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றி வாசித்தார். ஒருதரம் சரியாகச் சொன்னேன், அடுத்ததில் கோட்டைவிட்டேன். "நானும் இப்படித்தான் சார், வீட்ல கண்ண மூடிட்டா எனக்கும் தடுமாறும்" என்றார். சத்தத்தில் பாதிக்கு மேல் முன்னால் இருக்கிற அந்தக் குளிர்நாட்டு மரப்பலகையும் அதை இழைத்த கையும்தான், முதுகு மரம் ஒரு வாசனை சேர்க்கிறது, அவ்வளவுதான் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அப்படியானால் ஜெயித்தது உன் கைதானே? உன் கையை நம்பாமல் மணியை எதற்கடா கூட்டி வந்தாய்?

அத்தையிடம் கேட்டார், எது பிடித்திருக்கிறது என்று. "ரெண்டும் ஒண்ணாத்தான் சார் கேக்குது. ஆனா இது எங்களுது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நாங்கள் கிளம்பியிருக்கலாம். டீ போட உள்ளே போனவள், திரும்பி வந்தபோது கட்டில் மேல் கிடந்த உன் புத்தகத்தை எடுத்தாள். உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "எங்க மரத்தப் பத்தி என்னா சார் போட்டிருக்கான், படிங்க" என்று டாக்டரிடம் நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. இருப்பதை மெதுவாகச் சொன்னார்.

நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? அவள் உன்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். குரங்கை ஏசுகிற அதே வாயால் உன்னைக் கிழிப்பாள், நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தேன். அவள் ஏசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கிட்டாரின் மேலிருந்த கையையும் எடுத்துக்கொண்டாள். "அப்ப நம்ம மரம் ஆவலியாண்ணா?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. அவள் இதைப் பொய் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. அவளைப் பொறுத்தவரை சேவி பொய் சொல்ல மாட்டான், அதுவும் அச்சில் போட மாட்டான். அதனால் அவளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. தன் மரம் நன்றாக அமையவில்லை, பிள்ளை அதை மனசு நோகாமல் ஓரங்கட்டிவிட்டு, வேறே உசந்த மரமாகப் பார்த்துச் செய்திருக்கிறான். "இது உன் மரம்தான் லூர்து, அவன் வியாபாரத்துக்காக ஏதோ எழுதிட்டான்" என்று நான் அடித்துச் சொன்னேன். டாக்டரும் சொன்னார். "பரவால்லண்ணா. எனக்காவ சொல்லாதீங்க. கோயில் மரம் கெடைச்சா அதத்தான செய்வான்? நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றாள். வழியனுப்பக் கார்வரை வந்தாள். கிட்டாரை மறுபடி தொடவில்லை.

டாக்டர் அந்தக் கிட்டாரைத் திருப்பித் தரமாட்டாராம், சத்தம் பிடித்திருக்கிறதாம். மற்ற மூன்று ஆர்டரும் உன் புத்தகத்தை மாற்றி அடித்த பிறகுதான் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். என் கோபம் ஆர்டர் பற்றியது இல்லை. நீ டாக்டரை ஏமாற்றியதைக்கூட, அவர் பெரிய மனுஷன், மன்னித்துவிட்டார். உனக்காகச் சபையில் சண்டை போட்டவளை நீ அவள் மரத்தைப் பார்த்தே கூச வைத்துவிட்டாய். எதையும் கெடுக்க வேண்டும் என்று நீ எழுதவில்லை, எனக்குத் தெரியும். அழகாக இருக்கட்டும் என்று எழுதினாய். அந்த அழகில் அவளுக்கு இடமில்லை என்பது உனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பட்டறை திறப்பு விழாவுக்கு என்னையும் உன் அம்மாவையும் ரிப்பன் வெட்டக் கூப்பிட்டிருக்கிறாய். நாங்கள் வரவில்லை. அந்தக் கத்தரிக்கோலைப் பிடிக்க வேண்டிய கை வேறு.

நேற்றைக்கு ஒரு விஷயத்துக்காக மறுபடி பண்ருட்டிக்குப் போனேன். கொட்டகையில் நீ அடுக்கிவிட்டுப் போன துண்டுகளை எடுத்துப்போக அத்தை ஆள் வரச் சொல்லியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. மிருதங்கக் கட்டை கடைகிறவர் ஒருத்தர். வருஷம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், "எங்க சேவிக்கு வெச்சிருக்கேன்" என்று இவள் விரட்டிக்கொண்டே இருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது டெம்போ வந்து நின்றிருந்தது. தடுக்கப் பார்த்தேன். "லூர்து, அவசரப்படாத, பையன் வரட்டும்" என்றேன். "அவனுக்கு எதுக்குண்ணா, தோதான மரம் கெடைச்சிடுச்சே. இது இங்கயே கெடந்தா கரையான்தான் திங்கும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த ஆள் ஒரு துண்டைத் தூக்கி, விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு டெம்போவில் வைக்கப் போனார். இவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணுக்கு ரெண்டு தடவ தட்டிப் பாத்து எடுங்க. எங்க வூட்டுப் புள்ளையே ஆவாதுன்னு வுட்டுட்டான். அப்புறம் உங்களுக்கு வேல வீணாப் போயிடும்."

சேவியர், நான் மூன்று தரம் சொல்லிவிட்டேன், டாக்டர் சொல்லிவிட்டார், அந்தக் கட்டைக்காரரும் "அருமையான மரம்மா இது" என்று சொன்னார். அவள் யார் சொல்வதையும் நம்பவில்லை. நீ சொன்னால் நம்புவாள். இங்கே கடலூரில் இறங்காதே. நேராக அவள் வீட்டுக்குப் போ.

அப்பா